பிள்ளைக்காக வக்கீல் தேடுகிறவர்களுக்கு: பாரிமுனைக்கு மூன்று வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டவை

தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில் இருந்தது முதல் வக்கீலின் ஆபீஸ். என் தம்பியும் நானும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். தம்பி பொண்டாட்டி எந்த ஊர், என்ன படித்தாள், அவள் அப்பா பேரில் சொத்து இருக்கிறதா, போனில் யாருடன் பேசுவாள், எல்லாம் கேட்டார். பாப்பா பேரைக் கேட்கவில்லை. மனு டைப் ஆகி வந்தபோது பேர் வர வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. குமாஸ்தா பேனாவை நீட்டி, "நீங்களே எழுதிடுங்க" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதற்கு நாங்கள் கொடுத்த விலை எட்டு மாதம்.

எட்டு மாதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் போட்டது விவாகரத்து மனு மட்டும். வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளையைப் பார்க்க வழி செய்யுங்கள் என்று தனியாக ஓர் இடைக்கால மனு போட வேண்டும், கேட்காமல் கோர்ட்டு தானாகச் சொல்லாது என்பது எங்களுக்குத் தெரியாது. வக்கீலுக்குத் தெரியும், அவருக்கு அது அவசரமாகப் படவில்லை. தம்பிக்கு காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கிற வேலை. கொடுங்கையூரில் மாமியார் வீட்டுத் தெருமுனையில் நின்று ஸ்கூல் வேன் போவதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவான். அப்புறம் வக்கீலை மாற்றினோம். பாப்பா இன்றைக்கும் அவள் அம்மாவிடம்தான் இருக்கிறாள், சனி ஞாயிறு எங்கள் வீட்டில். இது ஜெயித்த கதையும் இல்லை, தோற்ற கதையும் இல்லை. வக்கீல் தேடும்போதே என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்று பின்னால் தெரிந்ததை எழுதுகிறேன். நீங்கள் அம்மாவாக இருந்தாலும் அப்பாவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால்

"புள்ள எனக்குத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டு போனால் வக்கீல் அவருக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். என்ன கேட்கப் போகிறோம் என்பதை வீட்டிலேயே பிரித்து யோசித்துவிட்டுப் போங்கள். பிள்ளை யாருடன் வசிப்பது என்பது ஒன்று, அதைத்தான் கஸ்டடி என்கிறார்கள். யாரிடம் இல்லையோ அவர் எப்போது, எங்கே, எத்தனை மணி நேரம் பார்ப்பது, இரவு தங்க விடலாமா, பரீட்சை லீவில் பாதி நாள் யாரிடம், தினமும் வீடியோ கால் உண்டா என்பது இன்னொன்று, இது விசிட்டேஷன். ஸ்கூல், பேங்க், பாஸ்போர்ட் என்று கையெழுத்துப் போடுகிற கார்டியன் யார் என்பது வேறு. பிள்ளையின் செலவு வேறு. இது ஒவ்வொன்றுக்கும் வழக்கு முடிகிற வரைக்கும் ஒரு ஏற்பாடு, முடிந்த பிறகு ஒரு ஏற்பாடு என்று இரண்டிரண்டு உண்டு. வழக்கு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் முதல் ஏற்பாடுதான் உங்கள் பிள்ளையின் அடுத்த சில வருடம். இந்த ஒரு விஷயத்தை யாராவது எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

தெருவில் சொல்கிற சட்டத்தை நம்பாதீர்கள். ஆம்பளைப் பிள்ளை அப்பாவுக்கு, பொம்பளைப் பிள்ளை அம்மாவுக்கு என்று எங்கள் தெருவில் எல்லாரும் தீர்ப்பு சொன்னார்கள், அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. இந்துக்களுக்கான 1956-ஆம் வருட மைனர் சட்டத்தில், 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் 'சாதாரணமாக' என்ற வார்த்தையை வைத்துத்தான் வக்கீல்கள் சண்டை போடுகிறார்கள். அதே சட்டம் பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றும் சொல்கிறது. யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பதில்லை, சம்பளம் குறைவான அம்மாவிடம் பிள்ளை இருந்தால் அப்பாவைச் செலவுக்குக் கொடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். விவரம் சொல்லத் தெரிந்த வயது என்றால் பிள்ளையிடமே ஜட்ஜ் தனியாகப் பேசிப் பார்க்கலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு அந்த 1954-ஆம் வருடச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம் என்று கிளை பிரிந்தாலும், 1890-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த கார்டியன் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. உங்கள் கல்யாணம் எந்தச் சட்டத்தில் வருகிறது என்பதை வக்கீல் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் விஷயம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் ஐடி கார்டு, பீஸ் கட்டிய ரசீது, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும், பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழ், இரண்டு பேருடைய விலாசத்துக்கும் ஒரு அத்தாட்சி, ஸ்டேஷனில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு அவர்கள் கொடுத்த ரசீது. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு செட், ஒரிஜினல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், பின்னால் அந்தப் போனையே கேட்பார்கள்.

இதோடு ஒரு தாள் எழுதுங்கள், ஒன்றே ஒன்று. பிள்ளையின் ஒரு நாள். யார் எழுப்புவது, யார் குளிப்பாட்டுவது, டிபன் பாக்ஸ் யார் கட்டுவது, ஸ்கூலில் யார் கொண்டு விடுவது, சாயந்திரம் யார் வீட்டில் இருப்பது, ஜுரம் வந்தால் எந்த டாக்டர், ராத்திரி யார் பக்கத்தில் தூங்குவது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். என் தம்பியால் பாதித் தாளைக்கூட நிரப்ப முடியவில்லை என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

எந்தக் கோர்ட்டு

சென்னையின் குடும்ப நீதிமன்றங்கள் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கின்றன. ராயபுரமோ வியாசர்பாடியோ பெரம்பூரோ, நம் வடசென்னைப் பக்கத்தில் யாருக்குப் பிரச்சினை வந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்குப் போக்குவரத்துத் தொல்லை இல்லை, உயர்நீதிமன்றம் என்று ஸ்டேஷனே இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள், வாசலில் சோதனை உண்டு.

ஆனால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தப் பகுதிகள் எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன, 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. வீட்டு வரி ரசீதில் சென்னை என்று இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைக்காதீர்கள், மாநகராட்சி எல்லையும் கோர்ட்டு எல்லையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இல்லை. "சார், என் விலாசத்துக்கு எந்தக் கோர்ட்டு?" என்று கேளுங்கள், தினமும் இந்த வேலை பார்க்கிறவர் விலாசத்தைப் பார்த்ததுமே சொல்வார்.

இன்னொரு சிக்கல். விவாகரத்துக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு ஒரு கணக்கு. கார்டியன் சட்டத்தில் பிள்ளை வழக்கமாக வசிக்கிற இடத்துக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். கல்யாணம் ராயபுரத்தில், குடித்தனம் கொருக்குப்பேட்டையில், இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போய்விட்டார்கள் என்றால் எங்கே போடுவது என்பதே ஒரு சண்டையாக மாறும். விவாகரத்து வழக்கு இங்கே நடந்தால் அதற்குள்ளேயே இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் பிள்ளைக்காகவும் கேட்கலாம். எந்த வழி நல்லது, ஏன் என்று வக்கீல் உங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பது பதில் இல்லை.

வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால் குடும்ப நீதிமன்றம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டே பிள்ளையைத் தற்காலிகமாக அம்மாவிடம் கொடுக்க உத்தரவு போடலாம். 181-க்குப் போன் செய்தால் எங்கே போவது என்று வழி சொல்வார்கள். இப்படிப்பட்ட நிலைமையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு முதலில் போனை எடுங்கள்.

பேர் எங்கே கிடைக்கும்

முதலில் எங்கே கிடைக்காது என்று சொல்லிவிடுகிறேன். மகளிர் காவல் நிலையத்து வாசல் டீக்கடையில் யாராவது ஒருத்தர், "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார்மா, முடிச்சுக் குடுத்துடுவாரு" என்று நம்பர் கொடுப்பார். அவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அது உங்கள் பீஸிலிருந்துதான் போகும். ஏரியாவில் பஞ்சாயத்து பேசுகிறவர்கள் கூட்டி வருகிற வக்கீலும் அப்படித்தான். இன்டர்நெட்டில் 'சென்னையின் நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்' என்று வருகிறதே, இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விதியை மீறித்தான் ஆள் பிடிக்கிறார் என்றால் அவர் உங்கள் வழக்கில் எந்த விதியை மதிப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கிற இடங்களில் நான் முதலில் சொல்வது இலவசச் சட்ட உதவி. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, தேசிய உதவி எண் 15100. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுக்க வேண்டும். மாசம் அம்பதாயிரம் சம்பளம் வாங்குகிற பெண்ணும் கேட்கலாம், இது பல பேருக்குத் தெரியாது. ஆண்கள் என்றால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளி என்றும் ஒரு வரி இருக்கிறது. மணலி, எண்ணூர், அம்பத்தூர் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற எத்தனையோ பேர் வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சு இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஏனோதானோ என்று நடத்தியவரை நான் பார்த்துவிட்டேன், அதனால் எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது, ஏற்கெனவே இந்த வழக்கை நடத்தி முடித்தவர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நம் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களிடம் "ஜெயிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள். "வாய்தா அன்னிக்கு வக்கீல் வந்தாரா, ஜூனியரை அனுப்பினாரா? போன் எடுத்தாரா? புள்ளைய பாக்க உத்தரவு வர எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும், எங்களுக்கு அதுதான் பலித்தது. ஒரு வேலை நாள் காலையில் பத்து மணிக்கு முன்னால் குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில் போய் உட்காருங்கள். கட்சிக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார்கள். வழக்கு நம்பரைக் கூப்பிடும்போது எந்த வக்கீல் வழக்குக் கட்டோடு தயாராக நிற்கிறார், யார் ஓடி வந்து, வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லி "பாஸ் ஓவர்" கேட்கிறார், உள்ளே என்ன நடந்தது என்று வெளியே வந்து தன் கட்சிக்காரருக்கு யார் நின்று விளக்குகிறார், யார் "அடுத்த மாசம் பதினாலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார். ஒரே காலையில் தெரிந்துவிடும். நாங்கள் இரண்டாவதாகப் போன வக்கீலம்மாவை அப்படித்தான் பார்த்தோம். ஒரு வயசான பாட்டிக்குப் பத்து நிமிடம் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பேர் கிடைத்ததும் இரண்டு காரியம். வக்கீலின் என்ரோல்மென்ட் நம்பரைக் கேளுங்கள், பதிவு எண்ணும் வருடமும் இருக்கும், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம். உண்மையான வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார். அப்புறம் கோர்ட்டு வழக்கு விவரங்களைப் பார்க்கிற இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பேரைப் போட்டுத் தேட வசதி இருக்கிறது, எந்த மாதிரி வழக்குகளில் ஆஜராகிறார் என்று ஓரளவு தெரியும். செக் மோசடி, ஆக்சிடென்ட் கேஸ் மட்டுமே நடத்துகிறவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், பிள்ளை விஷயத்துக்கு அவர் வேண்டாம்.

முதல் சந்திப்பு

குறைந்தது இரண்டு பேரையாவது பாருங்கள். வீட்டுக் கூட்டத்தையே அழைத்துக்கொண்டு போகாதீர்கள், உங்களோடு ஒருத்தர் போதும், அவரும் வாயைத் திறக்காதவராக இருந்தால் நல்லது. பிள்ளையைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த அந்த வக்கீலம்மா நாங்கள் சொன்னதைப் பத்து நிமிடம் கேட்டார். பிறகு தம்பியிடம், "பாப்பா எந்த செக்‌ஷன்?" என்றார். தம்பி, "ரெண்டாங் கிளாஸ்" என்றான். "செக்‌ஷன் கேட்டேன்." தெரியவில்லை. "மிஸ் பேரு?" தெரியவில்லை. "கடைசியா ஜுரம் வந்தப்போ எந்த டாக்டர்கிட்ட போனீங்க?" அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியாது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "முழுக் கஸ்டடி கேட்டா குறுக்கு விசாரணையில இதையேதான் எதிர் பார்ட்டி வக்கீல் கேப்பாரு, அங்க எங்கிட்ட முழிச்ச மாதிரி முழிக்க முடியாது. முதல்ல பாப்பாவைப் பாக்க வழி பண்ணிக்கலாம். நீங்க நல்ல அப்பாதான்னு காட்ட நாள் வேணும்ல" என்றார். வெளியே வந்ததும் தம்பிக்குச் சரியான கோபம். "என்னக்கா, அவங்க எதிர் பார்ட்டி வக்கீல் மாதிரி பேசறாங்க" என்றான். அந்தக் கோபம் அடங்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவரிடமே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டான்.

நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். புருஷன் பொண்டாட்டி சண்டைக்குக் கெட்டிக்கார வக்கீல் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பிள்ளைக்கு வக்கீல் தேடும்போது, முதல் சந்திப்பிலேயே பிள்ளையைப் பற்றிக் கேட்டு, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறவரைத் தேடுங்கள். "விடுங்க, அவங்கள அலைய விட்டுடலாம்" என்று உங்கள் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவரைக் கேட்க இதமாக இருக்கும். அலையப் போவது நீங்களும் பிள்ளையும்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவை: என் பிள்ளைக்கு இடைக்கால மனு எப்போது போடுவீர்கள், விவாகரத்து மனுவோடேயா, பின்னாலா? வாய்தாவுக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியரா? சமரசம் பேசி முடிக்க வாய்ப்பு இருக்கிறதா? எதிர் பார்ட்டி என்ன சொல்லுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத் திணறுகிறவர் வழக்கை ஒரு பக்கம் மட்டும் படித்திருக்கிறார்.

உடனே எழுந்து வர வேண்டிய பேச்சுகள் சில உண்டு. "கியாரண்டியா வாங்கித் தர்றேன்." "ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்." "வர்ற ஜீவனாம்சத்துல இத்தன பர்சன்ட் குடுங்க", இப்படி வழக்கின் முடிவில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. "வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." "நடக்காட்டி என்ன, வரதட்சணைக் கேஸ் ஒண்ணு சேத்துப் போட்டாத்தான் வழிக்கு வருவாங்க." நடந்திருந்தால் கட்டாயம் போடுங்கள், விடாதீர்கள், நடக்காததை எழுதினால் குறுக்கு விசாரணையில் ஒரு இழை பிரிந்தாலும் நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து அடிபடும். எல்லாவற்றையும்விட மோசமானது, "ஸ்கூல்லேந்து புள்ளைய தூக்கிட்டு வந்துடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்." அப்படித் தூக்கி வந்தால் மறுபக்கம், பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், ஜட்ஜ் முன்னால் நீங்கள் யார் என்பது முதல் நாளே முடிவாகிவிடும்.

பீஸ்

தொகை நான் சொல்லப் போவதில்லை, ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். ஆனால் எப்படி வாங்குகிறார் என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? வாய்தாக் கணக்கு என்றால் ஜாக்கிரதை, வழக்கு தள்ளிப் போகப் போக அவருக்கு வரவு. மனு, பதில் மனு, இடைக்கால மனு, குறுக்கு விசாரணை, வாதம் என்று கட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஒரு தாளில் எழுதி வாங்கினோம், எங்களுக்கு அது ஒத்து வந்தது. டைப்பிங், ஸ்டாம்ப், குமாஸ்தா செலவு இதில் சேர்த்தியா என்றும் கேளுங்கள். முடிந்தவரை ஜிபே மாதிரி கணக்கில் தெரிகிற வழியில் கொடுங்கள், ரொக்கம் என்றால் ரசீது. வருமானம் இல்லாத மனைவியோ கணவனோ வழக்குச் செலவை எதிர் பார்ட்டியிடமே கேட்டு இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் மனு போடலாம். உங்கள் வக்கீல் இதைச் சொல்லாமல் தாலியை அடகு வைக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வக்கீல் வைத்த பிறகு

குடும்ப நீதிமன்றத்தில் ஒரு வினோதம். 1984-ஆம் வருடச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை கிடையாது, கோர்ட்டு அனுமதித்தால்தான். நடைமுறையில் அனுமதிக்கிறார்கள். ஆனால் கவுன்சிலிங்கிலும் சமரச மையத்திலும் உட்கார்ந்து பேசப் போவது நீங்கள்தான். அதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் உங்களைத் தயார் செய்கிற வக்கீல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். என்ன பேசலாம் என்பதைவிட எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைக் கேட்டுக்கொண்டு போங்கள். சமரசத்தில் 'மாதம் இரண்டு முறை பார்க்கலாம்' என்று பொதுவாக எழுதினால் எந்த இரண்டு என்று சண்டை வரும். கிழமை, நேரம், கொண்டு விடுகிற இடம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எந்த நாள் ஈடு, பொங்கல் யாரிடம் தீபாவளி யாரிடம், எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

மனு போட்டாயிற்று என்று வக்கீல் சொன்னால் கோர்ட்டு ஆபீஸில் அதற்கு வழக்கு நம்பர் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். செக்‌ஷனில் குறை சொல்லி ரிட்டர்ன் செய்து வாரக்கணக்கில் கட்டு அங்கேயே கிடப்பதும் உண்டு. நம்பர் ஆனதும் சி.என்.ஆர். என்று 16 எழுத்து எண் ஒன்று வரும், அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா எப்போது என்று யாரையும் கெஞ்ச வேண்டாம்.

எங்களுக்கு முதல் உத்தரவு, சனிக்கிழமைகளில் குடும்ப நீதிமன்றத்திலேயே இருக்கிற குழந்தைகள் மையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தது. தம்பி முதல் வாரம் பெரிய ரிமோட் கார் வாங்கிப் போனான். பாப்பா அவள் அம்மா சேலையை விடவே இல்லை. வக்கீலம்மாவிடம் சொன்னபோது, "காரெல்லாம் வேணாம், ஹோம்வர்க் நோட்டை வாங்கிப் பாருங்க" என்றார். இதெல்லாம் வக்கீல் வேலையா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பாதி வழக்கு அங்கேதான் நடந்தது. எந்த வாரம் போனான், எந்த வாரம் பிள்ளையை அனுப்பவில்லை என்று ஒரு நூறு ரூபாய் டைரியில் எழுதிக்கொண்டு வந்தோம், அந்த டைரியை வைத்துத்தான் பின்னால் வீட்டுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டோம்.

வக்கீலை மாற்ற வேண்டியிருந்தால்

மாற்றலாம். சண்டை போடாமல், "சார், வேற ஒருத்தரைப் பாக்கறோம், நோ அப்ஜெக்‌ஷன் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். பாக்கி பீஸைக் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்று பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றமே 2000-இல் இதைச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் அதை வேறு வழியில் வசூலிக்கலாம், உங்கள் பேப்பரை அடகு மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் முதல் வக்கீலின் குமாஸ்தா இரண்டு வாரம் இழுத்தடித்தார், புது வக்கீலம்மா ஒரு கடிதம் எழுதியதும் கட்டு வந்துவிட்டது. மாற்றுகிற நாளை வாய்தாவுக்கு முந்தின நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள், புதியவருக்குப் படிக்க நேரம் வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் வக்கீலிடம் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை விஷயத்தில் வருகிற எந்த உத்தரவும் கல்வெட்டு இல்லை, நிலைமை மாறினால் மறுபடி கேட்கலாம் என்று 1973-இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பே தப்பு என்று நினைத்தால் உயர்நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள்தான். அதனால் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே, அழுகையோ சந்தோஷமோ எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம், வளாகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் கோர்ட்டு முத்திரை போட்டுத் தருகிற சர்டிஃபைடு காப்பிக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.